கிரில் எண்ணெய் மாத்திரை: திமிங்கிலத்தின் சோறு, மருந்துக்கடை விலையில்

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. அதில் ஒன்று, சாப்பிட்ட பிறகு மீன் ஏப்பம் வராததற்கு. இன்னொன்று மாத்திரை சின்னதாக இருப்பதற்கு, வயதானவர்கள் சிரமமில்லாமல் விழுங்கலாம். மற்றபடி வேலூரில் யாராவது மூட்டுவலிக்கு நல்லது என்று இந்தக் கிரில் எண்ணெயை (கிரில் என்பது அண்டார்டிகாக் கடலில் இறால் போல இருக்கும் பொடி உயிர்) உங்கள் கையில் கொடுத்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நீளமாகத்தான் போகும், ஏனென்றால் மாத்திரையைப் பற்றி எழுத உட்கார்ந்து கடலுக்குள் போய்விட்டேன்.

வாங்கியது ஆஸ்பத்திரி பக்கம் ஒரு மருந்துக்கடையில். வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், அந்தத் தெருக்களில் நாலு எட்டு வைத்தால் ஒரு மருந்துக்கடை, போர்டில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து. கடை பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம், நான் சொல்லப்போவது பெரும்பாலும் எல்லா கிரில் டப்பாவுக்கும் பொருந்தும். அம்மாவுக்குப் படி ஏறினால் முட்டி பிடித்துக்கொள்கிறது. கவுண்டரில் இருந்த தம்பி, "அண்ணே, மீன் எண்ணெயெல்லாம் பழசு, இது அண்டார்டிகாவுல இருந்து வருது, சும்மா தைரியமா குடுங்க" என்றார். டப்பாவில் பனிக்கட்டி, பென்குவின், நீலத் தண்ணீர் என்று படம் வேறு. விலை சாதாரண மீன் எண்ணெய் டப்பாவைப் போல மூன்று மடங்கு.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தால்தான் கணக்கு தெரிகிறது. ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கிரில் எண்ணெய். அதில் நமக்கு வேண்டிய ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு, அதாவது அதன் இரண்டு வகைகளான இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து நூறு மில்லிகிராம்கூடத் தேறவில்லை. அதே கடையின் கீழ்த்தட்டில் கிடக்கிற மீன் எண்ணெய் மாத்திரையில் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று போட்டிருக்கிறது. சரக்கு மூன்றில் ஒரு பங்கு, விலை மூன்று மடங்கு. கிரிலில் உள்ள ஒமேகா 3 பாஸ்போலிப்பிட் என்ற ஒருவகைக் கொழுப்பு வடிவில் இருப்பதால் உடம்பு சுலபமாக இழுத்துக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். இழுக்கட்டும், எவ்வளவு இழுத்தாலும் இந்த இடைவெளி அடையுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முட்டி விஷயத்துக்கு வருவோம். 2024-ல் ஜாமா மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வந்தது. மூட்டுத் தேய்மானமும் வலியும் உள்ள 262 பேரை எடுத்து, ஒரு பிரிவுக்குத் தினம் 2 கிராம் கிரில் எண்ணெய், இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்று 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்ததில் இரண்டு பிரிவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எங்கள் வீட்டு ஆய்வு முடிவும் அதுதான், அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "முட்டி அப்டியேதான் கீது, துட்டுதான் போச்சு." இதில் நம் ஊர் வெயில் வேறு. மே மாதத்தில் டப்பாவை அலமாரியில் வைத்தால் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று எழுதியிருக்கிறார்கள், வேலூரில் மே மாதம் குளிர்ந்த இடம் என்றால் பிரிட்ஜ் ஒன்றுதான்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் டப்பாமேல் இருந்த அந்தப் பென்குவின் படம் உறுத்தியது. இந்த எண்ணெய் யார் வயிற்றுக்குப் போக வேண்டியது?

அண்டார்டிக் கிரில் பார்க்க இறால் போலவே இருக்கும், ஆனால் இறால் இல்லை, தூரத்துச் சொந்தம். அதிகபட்சம் 6 சென்டிமீட்டர், எடை இரண்டு கிராமுக்குள். கண்ணாடி உடம்பு, அங்கங்கே சிவப்பு, கறுத்த கண். அந்தச் சிவப்புக்குக் காரணமான அஸ்டாசாந்தின் என்ற நிறமிதான் மாத்திரைக்கும் நிறம் கொடுக்கிறது. ஐந்தாறு வருடம் உயிரோடு இருக்கும், இவ்வளவு சின்ன உயிருக்கு அது பெரிய ஆயுசு. குளிர்காலத்தில் தீனி இல்லையென்றால் உடம்பையே சுருக்கிக்கொண்டு, தோல் உரிக்கும்போது முன்பைவிடச் சின்னதாக வெளியே வரும். அண்டார்டிகாவைச் சுற்றிய தென்கடலில் இருக்கும் மொத்தக் கிரிலின் எடை 30 முதல் 50 கோடி டன் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இந்திய ஜனத்தொகை முழுவதையும் தராசில் ஏற்றினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு வராது. கூட்டமாகச் சேர்ந்தால் ஒரு கன மீட்டர் தண்ணீரில் பத்தாயிரத்துக்கும் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

இத்தனை எண்ணிக்கை எதற்கு என்றால், அதன் வேலை அப்படி. கடலில் வெயிலைக் கொண்டு உணவு தயாரிப்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத தாவர மிதவை உயிரிகள், அதாவது நுண்பாசிகள். நூறு டன் திமிங்கிலம் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்ன முடியாது. நம் மண்டித் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள், சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள் ஆளுக்கு ஒரு மூட்டை, அரை மூட்டை என்று கொண்டுவந்து போடுவதை மண்டிக்காரர் ஒரே இடத்தில் குவித்தால்தான் லாரிக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போக முடியும். கிரில் அந்த மண்டி. முன்கால்களைக் கூடை மாதிரி விரித்து, தண்ணீரோடு மிதவை உயிரிகளை வாரி, தண்ணீரைப் பிழிந்துவிட்டு மீதியை விழுங்குகிறது. அந்த ஒமேகா 3 கூட கிரில் தானே தயாரித்தது கிடையாது, பெரும்பகுதி இந்த நுண்பாசிகளைத் தின்று சேர்த்துவைத்தது.

குவித்த சரக்கை வாங்க வரும் கூட்டம் பெரிது. நீலத்திமிங்கிலம், கூன்முதுகுத் திமிங்கிலம், அடேலி, சின்ஸ்டிராப், ஜென்டூ என்று மூன்று வகைப் பென்குவின், அல்பட்ரோஸ் பறவை, கணவாய், மீன்கள். அங்கே நண்டுதின்னி என்று பெயர் வைத்திருக்கும் ஒரு சீல் (கடல்நாய்) இருக்கிறது, அது தின்பது பெரும்பாலும் கிரில்தான். அதற்காகவே பல்லெல்லாம் ரம்பம் போல வளைந்து மடிந்து வளர்ந்திருக்கிறது, வாயை மூடினால் பல்லே சல்லடை. நீலத்திமிங்கிலம் தீனிக் காலத்தில் ஒரு நாளைக்குப் பல டன் கிரில் சாப்பிடும். உலகத்திலேயே பெரிய மிருகம் சாப்பிடுவது விரல் நீளப் பூச்சி மாதிரி ஒன்றை, நடுவில் வேறு கைமாற்றே கிடையாது. கைமாற்று குறைந்தால் சேதாரமும் குறையும் என்பதால்தான் அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தக் கடல் கட்டுப்படியாகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். இருபதாம் நூற்றாண்டில் தென்கடலில் திமிங்கிலங்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள். அண்டார்டிக் நீலத்திமிங்கிலம் பழைய எண்ணிக்கையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. சரி, தின்கிற வாய் குறைந்துவிட்டது, கிரில் பெருகி வழியும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெருகவில்லை. காரணம் சாணி என்கிறார்கள், நிஜமாகவே திமிங்கிலச் சாணி. தென்கடலில் மற்ற சத்தெல்லாம் உண்டு, இரும்புதான் பற்றாக்குறை, இரும்பு இல்லாமல் நுண்பாசி வளராது. கிரில் உடம்பில் இரும்பு சேர்கிறது, திமிங்கிலம் கிரிலைத் தின்று மேலே வந்து கழிக்கிறது, அந்தக் கழிவில் கடல்நீரில் இருப்பதைவிடக் கோடி மடங்கு வரை செறிவாக இரும்பு இருப்பதாக அளந்திருக்கிறார்கள். அதை உரமாக எடுத்துப் பாசி வளர்கிறது, பாசியைக் கிரில் தின்கிறது. மாட்டை விற்றுவிட்டு நிலத்துக்கு எருவில்லையே என்று நிற்பவர்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம், அவர்களிடம் சொன்னால் அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். விஞ்ஞானிகளுக்குக் கொஞ்சம் வருடம் பிடித்தது.

அப்புறம் கரியமில வாயு. நுண்பாசி வளரும்போது தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. அதைத் தின்ற கிரிலின் கழிவு சின்னச் சின்ன நூல் துண்டுகளாக, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக்கூட இறங்கிவிடும். உரித்துப்போடும் தோலும் கீழேதான் போகிறது. ஆழத்துக்குப் போன கார்பன் சீக்கிரம் மேலே திரும்பாது. 2024-ல் வந்த ஓர் ஆய்வு, கிரில் கழிவின் வழியாக மட்டும் வருடத்துக்குக் குறைந்தது 2 கோடி டன் கார்பன் நீண்ட காலத்துக்கு அடியில் தங்குகிறது, இது உலகத்தின் அலையாத்திக் காடுகள், கடற்புல் வெளிகள் போன்றவை செய்யும் வேலைக்குச் சமானம் என்று கணக்குப் போட்டது. பிச்சாவரத்துக்குப் பஸ் பிடித்துப் போய்ப் படகில் உட்கார்ந்து அந்தக் காட்டைப் பார்க்கிறோம், காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறோம். கிரில் விஷயத்தில் பேச ஆள் குறைவு, அங்கே பஸ் பிடித்துப் போக முடியாது என்பதால் இருக்கலாம்.

பனியும் குறைகிறது. கிரில் குஞ்சுகள் முதல் குளிர்காலத்தைக் கடல் பனியின் அடியில் ஒட்டி வளரும் பாசியை மேய்ந்துதான் ஓட்டுகின்றன. 2023 குளிர்காலத்தில் அண்டார்டிகாவைச் சுற்றிய கடல் பனி, செயற்கைக்கோளில் அளக்க ஆரம்பித்த பிறகு இல்லாத அளவுக்குக் குறைவாக உறைந்தது. தொட்டிலிலேயே கை வைக்கும் சமாச்சாரம் இது.

இதற்கு நடுவில்தான் கப்பல்கள். நார்வே, சீனா இரண்டும் முன்னணியில். பெரிய வலையின் வாலில் குழாய் மாட்டி, வலையைத் தூக்காமலேயே கிரிலை உறிஞ்சி எடுக்கும் முறையெல்லாம் வந்துவிட்டது. பிடிப்பதில் பெரும்பகுதி மாத்திரைக்குக்கூடப் போவதில்லை, பண்ணை மீனுக்குத் தீவனமாகப் போகிறது. இதைக் கண்காணிக்க 1982 முதல் அமலில் உள்ள சர்வதேச ஒப்பந்தம் உண்டு, இந்தியாவும் அதில் உறுப்பினர். அட்லாண்டிக் பக்கத்துத் தென்கடலில் ஒரு பருவத்துக்கு 6,20,000 டன் தொட்டால் நிறுத்த வேண்டும் என்பது விதி. 2025-ல் முதல்முறையாக அந்த அளவைத் தொட்டு, பருவம் முடிவதற்குள்ளேயே மீன்பிடியை மூடினார்கள். மொத்தக் கிரிலோடு ஒப்பிட்டால் 6,20,000 டன் ஒன்றுமே இல்லை என்று கம்பெனிகள் சொல்வது கணக்குப்படி சரி. பிடிக்கிற இடம்தான் தகராறு. எங்கே கூட்டம் அடர்த்தியோ அங்கேதான் கப்பலும் நிற்கும், திமிங்கிலமும் நிற்கும், குஞ்சு வைத்திருக்கும் பென்குவின் கரையிலிருந்து நீந்திப்போய்த் திரும்பக்கூடிய தூரமும் அதுதான். பிடிப்பை இடம் இடமாகப் பிரித்து வைத்திருந்த ஏற்பாடு 2024-ல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியான பிறகு ஒரே இடத்தில் குவிந்து பிடிப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. என் டப்பாவில் "நிலைத்த மீன்பிடி" என்று ஒரு முத்திரை இருக்கிறது. இந்தப் பாகம் எதுவும் அந்த முத்திரையில் இல்லை.

நம் கடலுக்கும் இப்படி ஆட்கள் உண்டு, அவர்கள் இன்னும் பொடி. கோபிபாட் என்று அரிசிக் குருணையைவிடச் சின்ன ஓட்டுயிர், பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். உலகத்தில் எண்ணிக்கையில் அதிகமான பலசெல் விலங்குகளில் இதுவும் ஒன்று. நெத்திலியும் மத்தியும் குஞ்சாக இருக்கும்போது வாயில் நுழைகிற தீனி இதனுடைய குஞ்சுகள்தான். ராத்திரி மேலே வந்து மேய்ந்துவிட்டு, விடிந்தால் எதிரிகள் கண்ணில் படாமல் ஆழத்துக்கு இறங்கிவிடும். கோபிபாட், கிரில், சின்ன இறால், அவற்றைத் தின்னும் மீன்கள் என்று எல்லாம் சேர்ந்து தினமும் இப்படி ஏறி இறங்குவது எடைக்கணக்கில் பூமியிலேயே பெரிய இடப்பெயர்ச்சி. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நீர்மூழ்கிகளைத் தேட ஒலி அனுப்பிப் பார்த்தவர்களுக்குக் கடலின் அடித்தரை பகலில் ஓரிடத்திலும் ராத்திரியில் மேலேயும் இருப்பது போலத் தெரிந்து குழம்பிப்போனார்கள், இந்தக் கூட்டம்தான் நடுக்கடலில் தரை மாதிரி ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. வேலூரில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து நெத்திலி வறுக்கிற நமக்கு இந்தக் குருணையோடு என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், அந்த நெத்திலிதான் சம்பந்தம்.

சரி, கடைக்கு வருகிறேன். மாத்திரையை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மா கேட்டது, "இன்னாடா, நம்ம சென்னாக்கூனி வாசனை அடிக்குது?" அடிக்கத்தான் செய்கிறது. சென்னாக்கூனி நம் கரையோரக் கடலில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பொடி இறால், சில சென்டிமீட்டர்தான். கிரில் அங்கே செய்கிற வேலையில் ஒரு பகுதியை இது இங்கே செய்கிறது, மிதவை உயிரியையும் மக்கின துணுக்கையும் தின்று, தானே வாளைக்கும் இன்னும் பல மீன்களுக்கும் தீனியாகிறது. வேலூர் பக்கத்துப் பொய்கை ஊர் செவ்வாய்க்கிழமைச் சந்தையில், மாட்டுக் கூட்டத்தைத் தாண்டி வந்தால், கருவாடு பரப்பி உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவிடம் நான் வாங்குவது வழக்கம். அவருக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். கால் கிலோ வாங்கினாலும் மாத்திரை டப்பா விலையில் பத்தில் ஒரு பங்குதான், கையில் அள்ளிக் காட்டுவார், முகர்ந்து பார்த்து எடுக்கலாம், பழைய சரக்கென்றால் "நேத்து வந்தது இல்லப்பா, போன வாரத்துது" என்று அவரே சொல்லிவிடுவார். ஒரு நட்சத்திரம் குறைத்தது மணலுக்கு.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன், சென்னாக்கூனி ஒமேகா 3 மருந்து இல்லை, அதில் கொழுப்பே குறைவு. ஓட்டோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும், புரதமும், நாக்குக்கு ருசியும் கிடைக்கும், அவ்வளவுதான். ஒமேகா 3 வேண்டுமென்றால் மீன் மார்க்கெட்டில் மத்தி வாங்குங்கள். நல்ல சீசனில் கொழுத்த மத்தி நூறு கிராமில் ஒரு கிராம் வரைகூட இருக்கும், மாத்திரைக் கணக்கில் பத்து கிரில் மாத்திரைக்கும் மேல். முள் அதிகம், வீடெல்லாம் வாசம் அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கூனியிலும் ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. முறத்தில் கொட்டிப் புடைத்தால் நகத்தளவு நண்டு, கண் மட்டும் தெரிகிற மீன் குஞ்சு, அரை விரல் கணவாய் எல்லாம் கலந்து வரும். கண் சிறுத்த வலையில் எல்லாமும்தான் மாட்டும். குஞ்சு அதிகமாகக் கலந்திருந்தால் நான் வாங்குவதில்லை, அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "நானா வல போட்றேன்?" என்று கேட்டார், அதுவும் நியாயம்தான்.

மாத்திரை வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் கிரில் எண்ணெயைத் தொடாதீர்கள், டப்பாவிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கும், கடையில் சொல்ல மாட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த ஒமேகா 3 எண்ணெயையும் ஆரம்பிக்க வேண்டாம்.

கூனி வாங்குகிறவர்களுக்கு: வெறும் சட்டியில் மிதமான தீயில் வறுத்து, ஆறியதும் துணியில் தேய்த்துப் புடைத்தால் மீசையும் காலும் தனியாக வந்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் மணல் அடியில் தங்கும், கூனியை மேலாக அள்ளிக்கொள்ளுங்கள். கத்திரிக்காய் போட்டால் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்தான் போட வேண்டும், வேறு கத்திரிக்காய் குழைந்துவிடுகிறது. புளியைக் குறைத்து, பூண்டை நசுக்கிப் போட்டுத் தொக்காக இறக்கினால் கேழ்வரகுக் களிக்கு அப்படியே போகும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வாங்காதீர்கள், மழை ஈரத்தில் சரியாகக் காய்ந்திருக்காது, இரண்டு நாளில் டப்பாவுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.